சென்னை ஒன் ஆப்: ரீசார்ஜ் கடையிலிருந்து ஒரு ரிவ்யூ

பெரம்பூரில் செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். சென்னையின் பஸ், ரயில் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் அரசு அமைப்பான கும்டா 2025 செப்டம்பரில் வெளியிட்ட சென்னை ஒன் ஆப்பை நானும் பயன்படுத்துகிறேன், கடைக்கு வருபவர்களின் போனிலும் ஏற்றிக் கொடுக்கிறேன்.

எனக்கு ரொம்பவே வசதி. ரிச்சி தெருவுக்கு ஸ்பேர் வாங்கப் போனால் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். சில்லறைக்காகக் கண்டக்டரிடம் பேச்சு வாங்க வேண்டாம். பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு ஷட்டரை இறக்கலாம்.

“என் போன்லயும் போட்டுக் குடு தம்பி” என்று கேட்பவர்களில் பாதிப் பேர் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். ஆப் இறங்கிவிடும், போனில் இடம் இருந்தால். (பேரன் ஏற்றிய கேமையும் மலைபோல் குவிந்த குட்மார்னிங் படங்களையும் முதலில் அழிக்க வேண்டும்.) மாட்டிக்கொள்வது பணம் கட்டும் இடத்தில்தான். யூபிஐ தொடங்க, வங்கியில் பதிவான சிம் அதே போனில் இருக்க வேண்டும். கணக்குத் திறந்தபோது இவர்கள் கொடுத்தது மகன் நம்பராக இருக்கும், இல்லையென்றால் எப்போதோ தொலைந்த சிம்மாக இருக்கும். நம்பர் சரியாகவே இருந்தாலும், சரிபார்க்கப் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். வேலிடிட்டி முடிந்த சிம்மில் அது போகாது.

சாதா பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம்தானே, ஆப் எதற்கு என்று கேட்கலாம். டிக்கெட்டுக்கு வேண்டாம், நேரம் பார்க்கத்தான் வேண்டும். பெசன்ட் நகர் போக நிற்கும்போது டிக்கெட் எடுக்க வேண்டிய டீலக்ஸ் 29சி முதலில் வந்தால் ஏறுவதா, விடுவதா? அடுத்த சாதா பஸ் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் தைரியமாக விடலாம். தெரியாதவர், வேலைக்கு லேட்டாகுமே என்று காசு கொடுத்து ஏறிவிடுவார். அதனால் இப்போதெல்லாம் யூபிஐயை விட்டுவிட்டு, பஸ் பார்ப்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்கும் டேட்டா வேண்டும், அது வேறு கதை.

மெட்ரோவில் இன்னொரு வேடிக்கை. போனில் க்யூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி, கவுன்டரில் காசு நீட்டினால் முழுக் கட்டணம். 40 ரூபாய்ப் பயணம் எனக்கு 32 ரூபாய், பூ விற்கும் அக்காவுக்கு 40. கவுன்டர் கூட்டத்தைக் குறைக்கும் கணக்கு எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நிற்பவர்கள் ஆசைப்பட்டா நிற்கிறார்கள்? போனோடு மல்லுக்கட்ட முடியாதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ஆப் அல்ல, முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துக்கொள்ளும் சிங்காரச் சென்னை பயணக் கார்டு. தட்டினால் கதவு திறக்கும், தள்ளுபடியும் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பேருந்திலும் செல்லும்.

ஸ்மார்ட்போன், டேட்டா, யூபிஐ மூன்றும் உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இந்த ஆப்பை ஏற்றலாம், ஐந்துக்கு நாலரை. மற்றவர்களுக்கு இரண்டு, அதுவும் பஸ் பார்க்கும் வசதிக்காக. ஆப்பை நடத்துபவர்களிடம் ஒரே கோரிக்கை: ஸ்டாப் பெயரை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் அடுத்த பஸ் நேரம் பதிலாக வரும்படி செய்யுங்கள். பட்டன் போன் என் கடையில் இன்னும் நன்றாகவே விற்கிறது.