கனமான புத்தகங்களை இந்தியாவுக்கு அனுப்ப எம்-பேக்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அமெரிக்காவை விட்டு ஊர் திரும்பவிருக்கும் நண்பர் ஒருவர், வீடு நிறைய வைத்திருக்கும் புத்தகங்களைக் குறைந்த செலவில் சென்னைக்கு அனுப்ப என்ன வழி என்று கேட்டிருந்தார். நியூ ஜெர்சியிலிருந்து பாளையங்கோட்டையில் உறவினர் நடத்தும் வாசகசாலைக்கு நான் பல ஆண்டுகளாக எம்-பேக்கில் புத்தகம் அனுப்பி வருவது அவருக்குத் தெரியும். அவருக்கு எழுதிய பதிலைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

எம்-பேக் (M-bag) என்பது அச்சிட்டவற்றை மட்டும் சாக்கில் இட்டு வெளிநாட்டில் ஒரே முகவரிக்கு அனுப்பும் அமெரிக்க அஞ்சல் முறை. சாக்கின் எடையையும் சேர்த்து 66 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 30 கிலோ வரை அனுப்பலாம். 11 பவுண்டுக்குக் குறைவாக இருந்தாலும் 11 பவுண்டுக்கான கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும் என்பதால், நான்கைந்து புத்தகங்களுக்கு இது ஏற்றதல்ல. அமெரிக்காவுக்குள் புத்தகங்களை மலிவாக அனுப்ப உதவும் மீடியா மெயில் என்ற அஞ்சல் முறை எல்லை தாண்டாது. கப்பலில் போகும் எம்-பேக்கை 2007 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது விமானத்தில் போவது மட்டுமே. பழைய கப்பல் கட்டணத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்றைய கட்டணம் கசக்கும். ஆனாலும் அதே எடையைச் சாதாரணப் பன்னாட்டுப் பார்சலாகவோ கூரியரிலோ அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தவர்கள் அதற்குப் பின் முணுமுணுக்க மாட்டார்கள்.

எனக்குள்ள ஒரே தீராத எரிச்சல், சாக்கு கைவிட்டுப் போன பிறகு அதைப் பற்றி எதுவுமே தெரியாது என்பதுதான். காப்பீடு கிடையாது, கண்காணிப்பு எண் கிடையாது. அனுப்பினேன் என்பதற்கு ஒரு சான்று வாங்கிக்கொள்ளலாம். போய்ச் சேர்ந்தது என்பதற்கு உறவினர் அனுப்பும் வாட்ஸ்அப் படம்தான் சான்று. விமானத்தில்தான் போகிறது என்றாலும் ஒரு சாக்கு சில வாரங்களில் போய்விடும், அடுத்தது மாதக்கணக்கில் எங்கோ கிடக்கும், அதற்குப் பின் அனுப்பியது முந்திக்கொண்டு சேரும். விசாரிக்க எண் இல்லாததால் விசாரணையும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்வதே நியாயமில்லை என்று ஒரு மனம் சொல்கிறது, ஏனெனில் குறைந்த கட்டணத்தின் மறுபக்கம் அதுதான்; ஆனால் காத்திருக்கும் வாரங்களில் அந்த நியாயம் எடுபடுவதில்லை. நூலக விற்பனையில் இரண்டு டாலருக்கு வாங்கிய கணிதப் பாடநூலுக்காக இவ்வளவு தவிக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். பதிப்பு நின்றுபோன நூல் அது என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

கட்டுவதில் கவனம் வேண்டும். சாக்கு என்றால் சாக்குதான். தூக்கி எறியப்படும், மேலே இன்னொன்று விழும். நான் நூல்களைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இரட்டைச் சுவருள்ள அட்டைப்பெட்டிகளில் இடைவெளியின்றி அடுக்கி, பெட்டிகளைச் சாக்குக்குள் வைக்கிறேன். ஒவ்வொரு பெட்டியிலும் முழு முகவரியை எழுதுகிறேன், ஏனெனில் வெளியே தொங்கும் முகவரிச் சீட்டு அறுந்துபோனால் உள்ளே இருப்பதுதான் வழிகாட்டும். கடிதம் எதுவும் உள்ளே வைக்கக் கூடாது. சுங்கப் படிவத்தில் பழைய புத்தகத்துக்குப் பழைய புத்தகத்தின் விலையையே எழுத வேண்டும். 2019 பட்ஜெட்டில் இந்தியா இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்கத் தீர்வை விதித்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஓர் அறை நிறையப் புத்தகம் இருப்பவருக்குக் கணக்கு, அஞ்சலை விட்டுத் தனியார் முகவர் வழியாகச் சரக்குக் கப்பலில் அனுப்புவதன் பக்கமே சாய்கிறது. கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கிலோ எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. புத்தகத்தில் எப்போதும் உண்மையான எடையே வெல்லும், அதாவது நமக்கு எதிராக வெல்லும். கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது ஒரு கன மீட்டர், ஆயிரம் கிலோ இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். வீடு மாற்றுபவர்கள் புத்தகத்துக்கென்று வாங்கும் ஒன்றரைக் கன அடிப் பெட்டிகள் 23 சேர்ந்தால் ஒரு கன மீட்டர் ஆகும். பெட்டிக்கு 40 பவுண்டு என்று வைத்தாலும் மொத்தம் சுமார் 420 கிலோதான். ஆகவே எடைக்குப் பணமே இல்லை, இடத்துக்குத்தான் பணம். கனமான பொருளுக்கு இதைவிடச் சாதகமான ஏற்பாடு வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தும் ஒருமுறை கப்பலில் அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு முகவர் வீடு வரை சேர்ப்பதாகச் சொல்லித்தான் பணம் வாங்கினார். சென்னைத் துறைமுகத்தில் இறக்குக் கூலி, ஆவணக் கட்டணம், கிடங்கு வாடகை என்று ஒவ்வொன்றாக முளைத்தன. நாள் கடக்கக் கடக்க வாடகை ஏறியது, முகவரின் கைபேசி அணைந்தே இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோதும் கிலோவுக்கு ஆன செலவு எம்-பேக்கைவிடக் குறைவுதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தொகையை யாருக்குக் கொடுத்தேன் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அஞ்சல்காரர் கொண்டுவரும் சாக்குக்கு முகவரும் வேண்டாம், துறைமுகத்துக்கு ஓட வேண்டியதும் இல்லை.

விமானத்தில் உங்களுடன் வரும் 23 கிலோப் பெட்டிகளில் இழக்கவே முடியாத நூல்களை மட்டும் வையுங்கள். மற்றவற்றுக்கு, கணக்கு என்ன சொன்னாலும், என் பதில் எம்-பேக்தான். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கி வாரம் ஒரு சாக்காக அனுப்புங்கள். பல தொகுதி நூல்களைப் பிரிக்காமல் ஒரே சாக்கில் போடுங்கள். தொலைந்தால் முழுவதும் தொலையட்டும், மூன்றாம் தொகுதி மட்டும் இல்லாத வரிசையை அலமாரியில் தினமும் பார்ப்பது அதைவிடக் கொடுமை.