மஸ்டாங் ஜிடிக்கு எந்த சூப்பர்சார்ஜர்: ரூட்ஸா, இரட்டைத் திருகா, மையவிலக்கா?

2018இல் புதுப்பிக்கப்பட்ட ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் 5.0 லிட்டர் வி8 என்ஜின், எந்தத் துணையும் இல்லாமல் 7,000 ஆர்பிஎம்மில் 460 குதிரைத்திறன் தரும். அதுவும் போதாது என்பவர்களுக்கு, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர்கள் மூன்று வகையிலும் அமெரிக்கச் சந்தையில் கிட்டாகக் கிடைக்கின்றன. ஒரே என்ஜினுக்கு மூன்றும் கிடைப்பதால், ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான கார் இல்லை.

வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது உச்சபட்சக் குதிரைத்திறனைத்தான். எனக்கு அது எரிச்சலூட்டும் கேள்வி. தகுந்த கப்பியும் எரிபொருளும் இருந்தால் மூன்றுமே 700ஐ எட்டிவிடும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நேரத்தில் ஆர்பிஎம் ஊசி வழக்கமாக எங்கே நிற்கிறது, 3,000த்திலா 6,500இலா என்பதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

ரூட்ஸ் வகை மூன்றிலும் மூத்தது. இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற இந்த இயந்திரம், பிறகு இரும்பு உலைகளுக்குக் காற்று ஊதப் பயன்பட்டது. இது காற்றை உள்ளே அழுத்துவதில்லை. அள்ளி மறுபக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். என்ஜின் பக்கம் ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் காற்று, வாய் திறந்ததும் ரோட்டார்களின் (உள்ளே சுழலும் இதழ் உருளைகள்) இடைவெளிக்குள் திரும்பிப் பாய்கிறது. சூடு பிறப்பது அங்கேதான்.

எவ்வளவு சூடு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியே 35 டிகிரி, பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் கூட்டும் காற்றழுத்தம், 10 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். காற்றை வீணாகச் சூடாக்காமல் அழுத்தும் திறன் 55 சதவீதமே உள்ள பழைய ரூட்ஸிலிருந்து காற்று சுமார் 125 டிகிரியில் வெளியேறும். 75 சதவீதத் திறன் என்றால் 101 டிகிரி. இந்த மஸ்டாங்கின் அமுக்க விகிதமோ 12:1. இவ்வளவு இறுக்கமான சிலிண்டருக்குள் கூடுதல் சூட்டோடு காற்று போனால் எரிபொருள் நேரம் தவறி வெடித்து என்ஜின் தட்டத் தொடங்கும். கணினி உடனே தீப்பொறியைத் தாமதப்படுத்தும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகளில் சில அங்கேயே காணாமல் போகும்.

ஆனால் இந்தப் பழியை இன்றைய ரூட்ஸ் மீது சுமத்துவது நியாயமில்லை. ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ் வடிவம் 2009 கார்வெட் இசட்ஆர்1இல் வந்தபோதே கதை மாறிவிட்டது. ரோட்டாருக்கு நான்கு இதழ்கள், 160 டிகிரி முறுக்கு. திறன் எழுபதுகளுக்கு ஏறியது. ரௌஷ் நிறுவனம் மஸ்டாங்குக்கு விற்கும் 700 குதிரைத்திறன் கிட்டில் இருப்பது இதன் 2.65 லிட்டர் வடிவம்தான்.

இரட்டைத் திருகு வகை ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஸ்ஹோல்ம் 1930களில் வளர்த்தெடுத்தது. ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரண்டு திருகுகள் காற்றை நகர்த்தும்போதே நெருக்குகின்றன. அதனால் பூஸ்ட் ஏற ஏற ரூட்ஸைவிட இதன் கை ஓங்கும். டாட்ஜ் ஹெல்கேட்டில் இருப்பது இந்த வகை. மஸ்டாங்குக்கு விப்பிள் நிறுவனத்தின் 3.0 லிட்டர் கிட் இருக்கிறது. குறை என்று சொன்னால், நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போதும் திருகுகள் அழுத்திக்கொண்டேதான் இருக்கும்; காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வு திறந்தாலும் அந்தச் சுமை முழுதாக இறங்காது. ரூட்ஸில் இந்தத் தொல்லை குறைவு. மற்றபடி 8, 10 பிஎஸ்ஐ அளவில் இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் சண்டை பெரும்பாலும் வெட்டிச் சண்டை. எதற்கு வாரன்டியும் உமிழ்வுச் சான்றும் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள்.

உண்மையான பிரிவினை இவ்விரண்டுக்கும் மையவிலக்கு வகைக்கும் இடையில்தான். புரோசார்ஜர், வோர்டெக் நிறுவனங்களின் கிட்டுகள் இந்த வகை. என்ஜின் புகையால் சுழலும் டர்போவின் பாதியை எடுத்து, புகைக்குப் பதில் பெல்ட்டாலும் பற்சக்கரங்களாலும் சுற்றவைத்தது போன்ற அமைப்பு. இதில் அழுத்தம் ஏறத்தாழச் சுழல்வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். 7,000 ஆர்பிஎம்மில் 10 பிஎஸ்ஐ தருமாறு அமைத்தால், 3,500இல் கிடைப்பது இரண்டரைதான். முந்தைய இரு வகைகளும் அந்த இடத்திலேயே ஏறக்குறைய முழு பூஸ்ட்டையும் கொடுத்துவிடும்.

இந்தக் குணம் எவ்வளவு படுத்தும் என்பதற்கு 1950இல் களமிறங்கிய பிஆர்எம் வி16 பந்தயக் காரே சாட்சி. ஒன்றரை லிட்டர் என்ஜின், ரோல்ஸ்-ராய்ஸ் செய்த இரண்டு அடுக்கு மையவிலக்கு சூப்பர்சார்ஜர், 500க்கும் மேற்பட்ட குதிரைத்திறன். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆர்பிஎம் கூடக் கூட பூஸ்ட்டும் ஏறி, பின்சக்கரங்கள் பிடி விட்டுச் சுழன்றன.

அந்தச் சின்ன என்ஜினுக்குக் கீழ் ஆர்பிஎம்மில் வலு எதுவும் இல்லை. மஸ்டாங்குக்கு ஐந்து லிட்டர் இருக்கிறது. கீழ் ஆர்பிஎம்மில் அதற்கு உதவி தேவையே இல்லை என்பது என் கட்சி. 3,000இலேயே டார்க் (முறுக்குவிசை) முழுவதையும் கொட்டினால் பின் டயரும் கிளட்ச்சும்தான் வதைபடும். இன்னொன்று, மையவிலக்கு வகை என்ஜினுக்கு முன்புறம் ஓரமாக உட்காரும்; அழுத்திச் சூடான காற்றைத் தணிக்கும் அதன் இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால் இருந்து நேராக எதிர்க்காற்றில் குளிரும். மற்ற இரண்டும் வி8இன் நடுவே, வெந்துகொண்டிருக்கும் உலோகத்தின் மீது உட்கார்ந்து தண்ணீரை நம்பியிருக்கின்றன. பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று அந்தத் தண்ணீர் சூடேறும். 650 குதிரைத்திறன் கார்வெட் இசட்06 தடத்தில் சூடாகிறது என்ற புகார்களுக்குப் பிறகு, 2017 மாடலில் பானெட்டின் காற்றுத் துளைகளைப் பெரிதாக்க வேண்டிவந்தது.

தடத்துக்கு அடிக்கடி போகிறவர், மேனுவல் கியரை விரும்புகிறவர் என்றால் மையவிலக்கு. ஆட்டோமேட்டிக் கியரோடு ஊருக்குள்ளும் மலைச்சாலையிலும் ஓட்டுகிறவருக்கு டிவிஎஸ். மிதித்த கணமே கிடைக்கும் பதில் அங்கேதான் சுகம். கால்மைல் பந்தயத்துக்காக 15 பிஎஸ்ஐக்கு மேல் போகத் திட்டமிட்டு, பிஸ்டன்களையும் கனெக்டிங் ராடுகளையும் மாற்றத் தயாராக இருப்பவர் இரட்டைத் திருகை எடுக்கலாம். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் எதை வாங்கினாலும் 700 என்ற விளம்பர எண்ணைக் கொஞ்சம் குறைத்தே படிக்க வேண்டும். அது 93 ஆக்டேன் பெட்ரோலுக்கான எண்; ஆக்டேன் குறைந்தால் என்ஜின் எளிதில் தட்டும். அங்கே பங்க்கில் வழக்கமாகக் கிடைப்பது 91.