8×42 பைனாகுலர்: காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு வருஷம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்ததும், மாதத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் நேராகக் காவேரிப்பாக்கம் ஏரிக்கரைக்கு வண்டியை விடுவேன். பல்லவர் காலத்து ஏரி. பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாயில் வரும் தண்ணீர் நிறைந்துவிட்டால், நடு ஏரியில் இருப்பதெல்லாம் வெறுங்கண்ணுக்குக் கறுப்புப் புள்ளிதான்.

இப்போது கையில் இருப்பது 8×42 பைனாகுலர்; முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். முன்பு வைத்திருந்தது சட்டைப்பையில் அடங்கும் 10×25. பத்து மடங்கு என்றதும் ஆசைப்பட்டு வாங்கினேன். கை லேசாக நடுங்கினாலும் பறவை துள்ளும். விடியற்காலையில் எல்லாம் மங்கல். முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும்; அது அகலமாக இருந்தால் மங்கிய வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். 10×25-இல் 2.5 மில்லிமீட்டர், 8×42-இல் 5.25. இந்தக் கணக்கு அப்போதே தெரிந்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

மார்கழிப் பனியில் ஆறரை மணிக்கு நாமக்கோழிக் கூட்டத்துக்கு நடுவே ஓர் ஊசிவால் வாத்து. கழுத்தில் ஏறும் வெள்ளைக் கோடு வரை தெரிந்தது. கொடுத்த பணத்துக்கு அன்றைக்கே ஈடாகிவிட்டது. தண்ணீரை உரசிப் பறக்கும் மீசை ஆலாவைத் தொடர்வதுதான் கஷ்டம். ஃபோகஸ் சக்கரம் புதிதில் இறுக்கமாக இருந்தது, இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. கண்ணாடி போடுகிறவர்கள், கண் வைக்கும் பக்கத்து வளையமான கண் குவளையைக் கீழே திருகி வைத்துக்கொள்ளுங்கள், முழு வட்டமும் தெரியும்.

சித்திரையில் ஏரி உள்வாங்கிச் சேறு தெரியும்போது நெடுங்கால் உள்ளானும் நாரைகளும் கரைக்குப் பக்கமாக வரும். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிட்டால் எந்த பைனாகுலராலும் பிரயோஜனமில்லை. கூடவே வந்த கழுத்துப் பட்டை வியர்வையில் அறுத்தது; அகலமான பட்டை தனியாக வாங்க வேண்டியிருந்தது.

அப்படி ஒரு காலையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் அண்ணனிடம் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நத்தைகுத்தி நாரையையே வெகுநேரம் பார்த்தார். "பொறந்ததுலேர்ந்து பார்க்கிறேன் சார், மூக்கு மூடியிருக்கும்போதே நடுவுல சந்து தெரியுதே!" என்றார். பிறகு வலையை மறந்துவிட்டு இன்னும் கால் மணி நேரம் பார்த்தார்.

எந்தக் கம்பெனி என்பதைவிட 8×42 என்ற அளவுதான் முக்கியம். ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றே தூரத்து மின்கம்பத்தைப் பாருங்கள். எனக்கு முதலில் வந்ததில் கம்பம் இரண்டாகத் தெரிந்தது, திருப்பி அனுப்பி மாற்றினேன்.