"மிடி அவுட் போயிருச்சு" என்று கடையில் சொன்னால் உடனே நம்பாதீர்கள்

ஹார்டுவேர் சீக்வென்சர் (தாள வரிசையைப் பதிந்து ஓட்டும் இசைக் கருவி) வைத்திருப்பவர்கள், செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். மிடி என்பது இசைக் கருவிகள் ஒன்றுக்கொன்று சிக்னல் அனுப்பும் முறை; அவுட் என்பது அனுப்பும் துளை. ஒரு கடையில் அதற்கு 350 ரூபாய்க்குத் தப்பான அடாப்டரைக் கொடுத்தார்கள். அது வேலை செய்யாததற்கு என் கருவியைக் குறை சொல்லி 4,500 ரூபாய் சர்வீஸ் சார்ஜும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ என்ற பழைய சீக்வென்சர் ஒன்று கிடைத்தது. வீட்டில் இருக்கும் கோர்க் வோல்கா பீட்ஸ் டிரம் மெஷினை அதோடு சிங்க் பண்ண, அதாவது ஒரே தாளத்தில் ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பீட்ஸ்டெப் ப்ரோவில் மிடிக்குப் பெரிய ஐந்து பின் சாக்கெட் கிடையாது. ஹெட்போன் ஜாக் மாதிரி 3.5 மிமீ துளைதான். புதிதாக வாங்கினால் அடாப்டர் பெட்டியிலேயே வரும். விற்றவர் அதைத் தொலைத்திருந்தார். சென்னையில் விற்பனையும் சர்வீஸும் பார்க்கும் ஒரு கடைக்குப் போய், மாடல் பெயரைச் சொல்லித்தான் கேட்டேன். "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்" என்று எடுத்துக் கொடுத்தார்கள்.

வீட்டில் ப்ளே அழுத்தினால் பீட்ஸ்டெப்பில் விளக்குகள் ஓடுகின்றன, வோல்கா அசையவே இல்லை. மிடி கிளாக் என்றால் வேகத்தைச் சொல்லும் சிக்னல், ஒரு பீட்டுக்கு 24 துடிப்பு. டெம்போ 120 (நிமிடத்துக்கு 120 பீட்) என்றால் நொடிக்கு 48. அதில் ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. செட்டிங் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கடைக்கே போனேன். அவர்கள் அதே அடாப்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, "மிடி அவுட் ஐசி போயிருச்சு, மாத்தணும்" என்றார்கள். ஐசி என்றால் உள்ளே இருக்கும் சிப். சரி என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

கொடுப்பதற்கு முன் ஒன்று செய்திருந்தேன். அடிப்பக்க ஸ்க்ரூ ஒவ்வொன்றின் மேலும், தலையும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில், என் மகளின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு சின்னக் கோடு. எதை சர்வீஸுக்குக் கொடுத்தாலும் இது என் வழக்கம். 11 நாள் கழித்துக் கருவி வந்தது. பில்லில் "ஐசி மாற்றம்" என்று எழுதியிருக்கிறது. கோடு ஒன்றுகூட விரிசல் விடவில்லை. கருவியைத் திறக்கவே இல்லை!

சிங்க்கும் ஆகவில்லை. கேட்டால், "இப்ப உங்க டிரம் மெஷின்ல ப்ராப்ளம், அதையும் கொண்டு வாங்க" என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். 3.5 மிமீ மிடியில் இரண்டு விதமான வயரிங் உண்டு. டைப் ஏ-யில் ஜாக்கின் நுனி ஐந்து பின் பிளக்கின் 5-ஆம் பின்னுக்குப் போகும், நடு வளையம் 4-க்கு. டைப் பி-யில் அப்படியே தலைகீழ். பீட்ஸ்டெப் ப்ரோ டைப் பி. டைப் ஏ-தான் தரம் என்று மிடி அசோசியேஷன் முடிவு செய்ததே 2018-இல்தான்; அதற்கு முன்பு வந்த கருவிகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. மாற்றிப் போட்டால் ஒன்றும் கருகாது, சிக்னலை வாங்கும் கருவியின் பக்கத்தில் காப்பு டயோடு இருக்கும். ஆனால் ஒரு சிக்னலும் போகாது. பார்ப்பவருக்குப் போர்ட் செத்துப்போன மாதிரியேதான் தெரியும். கடைக்காரருக்கு அது வசதியாகிவிட்டது.

நண்பர் மல்டிமீட்டரோடு வந்தார். பீப் மோடில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) ஒரு முனையை ஜாக்கின் நுனியில் வைத்து, இன்னொன்றால் பின்களைத் தொட்டோம். ஐந்து பின் பிளக்கில் நடுவில் இருப்பது 2, அதன் இரு பக்கமும் 4, 5. எங்களுடையதில் பக்கத்திலேயே பொடி எண் இருந்தது. 5-இல் பீப் அடித்தது, அதாவது டைப் ஏ. அந்தப் பிளக்கைத் திறந்து 4, 5 வயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்தார். பத்து நிமிஷ வேலை. ப்ளே அழுத்தியதும் வோல்கா முதல் பீட்டிலேயே கூடவே ஓடியது.

அதனால் வாங்கும்போது "டைப் ஏ-யா, பி-யா" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். யுஎஸ்பி உள்ள இரண்டு கருவிகளை யுஎஸ்பி கேபிளால் நேராக இணைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். நடுவில் கம்ப்யூட்டரோ தனி யுஎஸ்பி ஹோஸ்ட் பெட்டியோ இல்லாமல் பெரும்பாலும் அது நடக்காது. ஐசி மாற்றினோம் என்றால் பழைய ஐசியைக் கையில் வாங்குங்கள்.

அடாப்டர் பணம் 350-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 4,500-க்கு "சர்வீஸ் பண்ணது பண்ணதுதான்" என்கிறார்கள். பில்லையும் ஸ்க்ரூ போட்டோக்களையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.