பாதிப் பணம் சர்க்காருக்கு: இந்திய விதியும் ஐரோப்பிய விதியும்

எண்டோமென்ட் பாலிசியின் (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த பாலிசி) பிரீமியத்தைக் கம்பெனி எங்கே போடுகிறது என்று ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் போனஸ் அட்டவணைதான் கைக்கு வரும்.

இந்தியாவில் பதில் விதியிலேயே இருக்கிறது. ஆயுள் காப்பீட்டு நிதியில் 100 ரூபாய் இருந்தால், அதில் 25 ரூபாயாவது மத்திய அரசின் கடன் பத்திரத்தில் இருக்க வேண்டும். அதோடு மாநில அரசுப் பத்திரங்கள், அங்கீகரிக்கப்பட்ட பிற பத்திரங்கள் எல்லாம் சேர்த்து 50க்குக் குறையக் கூடாது. பென்ஷன் நிதிக்கு அந்த 50 என்பது 40. பொதுக் காப்பீட்டுக்கு 30. சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பாலிசிதாரரே ஏற்கும் யூலிப் பாலிசிகளின் கணக்கு தனி.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் நடப்பில் உள்ள சால்வன்சி 2 என்ற காப்பீட்டு நிறுவன விதிகளில் இப்படி ஒரு சதவீதமே கிடையாது. விவேகமுள்ளவர் எப்படி முதலீடு செய்வாரோ அப்படிச் செய், ரிஸ்க்குக்கு ஏற்ப சொந்த மூலதனத்தை ஒதுக்கி வை, அவ்வளவுதான். கேட்கச் சுதந்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் உறுப்பு நாடு தன் சொந்தக் கரன்சியில் வெளியிட்ட பத்திரத்துக்குக் கடன் ரிஸ்க் ஒதுக்கீடு பூஜ்யம்; தனியார் கம்பெனிப் பத்திரத்துக்கு உண்டு. இங்கே கையைப் பிடித்து இழுக்கிறார்கள், அங்கே தரையைச் சரிவாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். 2012இல் கிரீஸ் தனியாரிடம் இருந்த பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 சதவீதத்தை வெட்டியது. அதை நினைத்தால் அந்தப் பூஜ்யம் எனக்கு உறுத்துகிறது.

உண்மையான வேறுபாடு கணக்கு எழுதுவதில்தான். 7 சதவீத வட்டி தரும் 40 ஆண்டுப் பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறது கம்பெனி. சந்தை வட்டி 8 சதவீதமாக உயர்ந்தால் அதன் விலை சுமார் 88க்கு இறங்கிவிடும். இந்திய ஆயுள் காப்பீட்டு நிறுவனம், யூலிப் அல்லாத நிதியில், வாங்கிய விலையை ஒட்டியே அதை எழுதி வைக்கலாம். சரிவு அந்தக் கணக்கில் தெரியாது. ஐரோப்பாவில் 88 என்றே எழுத வேண்டும். கூடவே, பாலிசிதாரருக்குத் தர வேண்டிய தொகையின் இன்றைய மதிப்பும் அதே வட்டியால் குறையும், அதனால் அடி அவ்வளவு பலமாக விழாது.

முதிர்வுத் தொகை நிச்சயம் வேண்டும் என்பவருக்கு இந்திய விதிதான் தோது என்பேன். என் குறை ஒன்றுதான்: வாங்கியே தீர வேண்டியவரிடம் விற்கும் சர்க்காருக்கு, வட்டியைக் கூட்டித் தர என்ன அவசரம்?