1053 கிலோ நூலும் மூன்றாவது வரியும்: ஏஐ யோசனைப் படிகளை எடைபோடும் நான்கு வழிகள்

ஏஐ மாடல் விடை சொல்லும் முன் தன் யோசனையை வரி வரியாக எழுதும். அதில் எந்த வரி விடையைத் தீர்மானித்தது என்று அளக்க நான்கு வழிகளைப் பார்ப்போம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தினமும் வரும் கணக்கு ஒன்றை மாடலிடம் கொடுப்போம். டி-சர்ட் 5000. தைத்து முடித்த உருப்படியில் நிற்கும் துணி 160 கிராம். கட்டிங்கில் துணியில் 20 சதவீதம் கழிவு. நிட்டிங், சாயம் சேர்த்து எடையிழப்பு 5 சதவீதம். எத்தனை கிலோ நூல் வாங்க வேண்டும்?

மாடல் இப்படி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். (1) கேட்பது நூலின் எடை. (2) 5000 × 0.16 = 800 கிலோ. (3) கழிவு மொத்தத் துணியின் மேல் வருவது; அதனால் 20 சதவீதம் கூட்டக் கூடாது, 0.8-ஆல் வகுக்க வேண்டும். (4) 800 ÷ 0.8 = 1000. (5) இழப்புக்கும் அதே முறை: 1000 ÷ 0.95 = 1052.6. (6) விடை 1053.

கணக்குத் தெரிந்தவர் கண் மூன்றாவது வரியில்தான் நிற்கும். அது வராமல் சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் 960, பிறகு 1008 கிலோ. அந்த நூலில் 4788 உருப்படிதான் தேறும், 212 குறையும். ஆகவே எந்த அளவுகோலும் இந்த வரியைக் கண்டுபிடிக்கிறதா என்பதே நமக்குச் சோதனை.

மலிவான வழி, பாதியில் நிறுத்திக் கேட்பது. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் வெட்டி, "ஆகவே விடை:" என்று சேர்த்து, 1053-க்கு மாடல் எவ்வளவு நிகழ்தகவு தருகிறது என்று பார்க்கலாம். வரிக்கு ஓர் ஓட்டம், அதாவது மாடலை ஒரு தடவை இயக்குவது, போதும். ஆனால் மூன்றாவது வரியில் வெட்டினால் மாடல் இரண்டு வகுத்தலை எழுதாமலே முடிக்க வேண்டும். அது முடியாமல் திணறும். நிகழ்தகவு ஐந்தாவது வரியில்தான் எகிறும். வழி கண்ட வரிக்குப் போக வேண்டிய பெருமை வகுத்துப் பார்த்த வரிக்குப் போய்விடுகிறது.

வரியை நீக்கிப் பார்ப்பது அதைவிட மோசம். மூன்றை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால், நான்கில் 1000 இருக்கிறது, ஐந்தில் 1052.6 இருக்கிறது, மாடல் அதைப் பார்த்து எழுதிவிடும். முக்கியத்துவம் சுழியம் என்று வரும். 2023-ல் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் யோசனையைப் பாதியில் வெட்டியும் தவறு செருகியும் சோதித்தது, எழுதிய யோசனையை மாடல் நம்பி நடக்கிறதா என்று அறிய. அந்தக் கேள்விக்கு இவை பொருந்தும். எந்த வரி முக்கியம் என்ற கேள்விக்குப் போதாது.

எங்கள் கணிப்பில் நம்பத் தகுந்தது மறு ஓட்டம். மூன்றாவது வரிக்கு முன்னால் நிறுத்தி, அங்கிருந்து 100 தடவை மாடலைத் தன் போக்கில் எழுத விட வேண்டும். வரியை வைத்துக்கொண்டு இன்னொரு 100. இரண்டிலும் 1053 எத்தனை தடவை வருகிறது என்ற வித்தியாசமே அந்த வரியின் எடை. ஒன்றை மறக்கக் கூடாது: மாடல் அதே கருத்தை வேறு சொல்லில் எழுதும். "கழிவு போக மிஞ்சுவது 80 சதவீதம்" என்று வந்தால் அது மூன்றாவது வரியேதான். அர்த்தம் மாறிய ஓட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட வேண்டும். 100-ல் 80 ஒரே கருத்தானால் கையில் மிஞ்சுவது 20. வெற்றி பாதிக்குப் பாதி இருக்கும் இடத்தில் 20 ஓட்டத்தின் திட்டப்பிழை (தற்செயலாக வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு) 11 சதவீதப் புள்ளி, 100-க்கு 5. பத்துப் புள்ளி வித்தியாசத்தை 20 ஓட்டத்தில் பார்த்து மகிழ வேண்டாம். 2025-ல் வந்த ஓர் ஆய்வு இதே முறையில் 100 ஓட்டம் வைத்துப் பார்த்தது. கணக்குப் போடும் வரிகளைவிடத் திட்டமிடும் வரிகளும் திரும்பிப் பார்க்கும் வரிகளும்தான் விடையை அதிகம் திருப்பின.

செலவுதான் இடிக்கும். 150 வரி, வரிக்கு 100 ஓட்டம், ஓட்டத்துக்கு 2000 டோக்கன் (மாடல் எழுதும் சொல் துண்டு) என்றால் 3 கோடி டோக்கன். முதலில் பாதியில் நிறுத்திக் கேட்டு, நிகழ்தகவு ஏறத் தொடங்கும் இடத்துக்கு முந்தைய வரிகளை மட்டும் மறு ஓட்டத்துக்கு அனுப்பினால் செலவு நன்றாகக் குறையும். சில வரிகள் தப்பிப் போகலாம்.

நான்காவது, அட்டென்ஷனை, அதாவது எழுதும்போது மாடல் முந்தைய சொற்களைத் திரும்பிப் பார்க்கும் வழியை, மறைப்பது: பின்வரும் வரிகள் மூன்றாவது வரியைப் பார்க்க முடியாமல் அடைத்து, எந்த வரி தடுமாறுகிறது என்று காண்பது. உள்ளிருக்கும் எண்கள் (weights) வெளிப்படையாகக் கிடைக்கும் மாடலில் மட்டுமே முடியும். எந்த வரி எந்த வரியைப் பிடித்து நிற்கிறது என்று இது ஒன்றுதான் நேரடியாகக் காட்டும். அடைபட்ட நிலை மாடலுக்குப் பழக்கமில்லாதது என்பதால், இதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டோம்.

தமிழில் செய்பவர்கள் வரி பிரிக்கும் இடத்தில் அதிகம் சறுக்குவார்கள். புள்ளியை வைத்துப் பிரித்தால் "கி.கி." மூன்று துண்டாகும், 1052.6 இரண்டாகும். "1,053 கிலோ", "1053 கி.கி." இரண்டையும் ஒரே விடையாக்காவிட்டால் இல்லாத வித்தியாசம் தெரியும். டெம்பரேச்சரை (மாடல் சொல் தேர்வதில் எவ்வளவு மாறுதல் விடலாம் என்ற அளவு) சுழியத்தில் வைத்தால் 100 ஓட்டமும் ஏறக்குறைய ஒரே ஓட்டம்தான், 0.6 அளவில் வையுங்கள். மாடல் நூற்றுக்கு 98 சரியாகப் போடும் கணக்கில் எந்த வரியும் முக்கியமாகத் தெரியாது. நாலில் ஒன்று முதல் மூன்று வரை சரிவரும் கணக்குகளையே எடுங்கள்.