சொதிக்கு எது: காரலா, சூடையா, நெத்தலியா?

பாரை, விளை போன்ற பெரிய மீன்களை நிறுத்து விற்கும் சந்தையில், இந்த மூன்று சிறு மீன்களும் கூறு கூறாக, சிறு குவியல்களாகத்தான் கிடக்கும். யாழ்ப்பாணத் தீவுப் பகுதியான வேலணை, புங்குடுதீவு, நயினாதீவுப் பக்கத்து வீடுகளில் அன்றாடச் சட்டியை நிரப்புவது இந்தக் கூறு மீன்கள்தான். கையில் ஒரு கூறுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், தேங்காய்ப்பாலில் வைக்கும் தண்ணீர்க் குழம்பான சொதிக்கு நான் காரலை வாங்குவேன்.

நெத்தலியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். முள் தொல்லை இல்லை. பொரித்தால் மொறுமொறுப்பு. சொதியில் போட்டாலோ அகப்பை பட்டதும் உடைந்துவிடுகிறது. காய்ந்த நெத்தலி கத்தரிக்காய்க்கு நல்ல துணை. ஆனால் கடைக் கருவாட்டில் தாய்லாந்திலிருந்து வருவதும் உண்டு, தீவுச் சுவை என்று அதற்குப் பெருமை பேச முடியாது.

சூடை எண்ணெய் மீன். குறுக்கே நெருக்கமாகக் கீறி, தூளும் உப்பும் பிரட்டிப் பொரித்தால் சிறு முள்ளெல்லாம் கடிபட்டுவிடும். பழப்புளி விட்டு வைத்த குழம்பு மறுநாள் புட்டுக்கு இன்னும் நன்றாக இருக்கும். பொரியலில் காரல் இதன் கிட்டவே வராது. ஆனால் சூடை வெயில் தாங்காது. வயிறு வெடித்ததை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தேங்காய்ப்பாலில் இறங்கினால் அதன் வாடைதான் மேலே நிற்கும். ஒருமுறை, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழில் போட்டு, பானை முழுவதையும் கெடுத்திருக்கிறேன்.

காரலைப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். தட்டையான உடல், பாதிக்குமேல் முள், கழுவுகிற கை முழுக்க வழுவழுப்பும் வெள்ளிப் பூச்சும். வாயைப் பிடித்து இழுத்தால் குழாய் போல நீளும். இந்த இனத்தின் தொண்டையைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. உயிரோடு இருக்கையில் உடல் மங்கலாக ஒளி விடுமாம். நான் கண்டதில்லை, சந்தைக்கு வருவது செத்த மீன்தானே.

அந்த முள்ளும் தலையும்தான் சொதிக்குச் சாறு. கப்பிப்பாலில், அதாவது முதற்பால் எடுத்த பின் பிழியும் தண்ணீரான தேங்காய்ப்பாலில், வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டுக் கொதித்ததும் மீனை இறக்க வேண்டும். அகப்பை கூடாது, சட்டியைப் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் போதும். கடைசியில் முதற்பால், ஒரு கொதி. தேசிக்காயை (எலுமிச்சையை) சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும், இல்லையென்றால் பால் திரைந்துவிடும். இந்தச் சொதி இடியப்பத்தில் ஊறி இறங்குவது போல வேறெதுவும் இறங்குவதில்லை.

கூழுக்கும் காரல்தான், கொஞ்சம் மெனக்கெட்டால். நண்டும் இறாலும் அப்படியே போகலாம். காரலைத் தனியாக அவித்து வடித்த சாறு மட்டும் போக வேண்டும். கெட்டியான கூழுக்குள் முள் தேடுவது நரகம்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் காரலைக் கண்டதும் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறார்கள். அவர்களுக்குச் சூடை பொரித்துக் கொடுத்துவிட்டு, சொதிச் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொள்கிறேன்.